குதிரை லாய வாடை... ஆனா கெட்டுப்போன பீர் இல்லை! 'காட்டு ஈஸ்ட்' பேல் ஏலுக்குள் என்ன நடக்குது?

ஒரு பீர் பாட்டிலைத் திறந்ததும் வைக்கோல், தோல் பை, குதிரை லாயம் எல்லாம் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தால் என்ன நினைப்போம்? 'கெட்டுப்போச்சு, கீழே ஊத்து' என்றுதான் நினைப்போம். ஆனால் பெல்ஜியத்தில் ஒரு துறவி மடம் தயாரிக்கும் பேல் ஏல் பீரை, அந்த வாடை வரட்டும் என்றே சிலர் மாதக்கணக்கில் பாதுகாத்து வைத்துக் குடிக்கிறார்கள்.

இந்த வாடைக்குக் காரணம் 'பிரெட்டனோமைசிஸ்' என்ற ஒரு வகை ஈஸ்ட். பீர் உலகத்தில் இதற்குச் செல்லப் பெயர் 'பிரெட்'. இதே ஈஸ்ட் ஒயின் பீப்பாய்க்குள் புகுந்தால் தயாரிப்பாளர்கள் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு இடத்தில் வில்லன், இன்னொரு இடத்தில் ஹீரோ. இது எப்படி? ருசித்துப் பார்ப்பவர்கள் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? பார்க்கலாம்.

முதல்ல, பேல் ஏல்னா என்ன?

முளைகட்டிய பார்லியைக் காயவைத்து எடுப்பதுதான் மால்ட். அதிகம் கருகாமல் இளம் சூட்டில் காயவைத்தால் வெளிர் நிற மால்ட் கிடைக்கும். அதில் செய்யும் பீர் பொன்னிறத்திலிருந்து செம்பு நிறம் வரை இருக்கும். கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைச் சேர்ப்பார்கள். மிதமான வெப்பத்தில் வேலை செய்யும் 'ஏல்' வகை ஈஸ்ட்டால் நொதிக்க வைப்பார்கள். இதுதான் பேல் ஏல்.

வழக்கமான பேல் ஏலில் ஈஸ்ட்டின் வேலை சில நாட்களில் முடிந்துவிடும். சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் கொடுத்துவிட்டு அது அடியில் படிந்துவிடும். அந்த பீரை எவ்வளவு சீக்கிரம் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நாளாக நாளாக ஹாப்ஸ் மணம் குறைந்துகொண்டே போகும்.

'காட்டு ஈஸ்ட்' சேர்த்த பேல் ஏல் அப்படியில்லை. அதில் பாட்டிலை மூடிய பிறகுதான் கதையின் இரண்டாம் பாகமே தொடங்குகிறது.

'காட்டு ஈஸ்ட்' என்ற பெயர் ஏன்?

ஈஸ்ட் காற்றிலும், பழத் தோலிலும், மரத்திலும் இயற்கையாகவே இருக்கிறது. நம் வீட்டு இட்லி மாவு பாக்கெட் ஈஸ்ட் எதுவும் போடாமலே பொங்குகிறதே, அதற்கும் தானியத்தோடு வரும் நுண்ணுயிர்கள்தான் காரணம். பழைய காலத்தில் பீரும் ஏறக்குறைய இப்படித்தான். தொட்டியிலும் பீப்பாயிலும் என்னென்ன நுண்ணுயிர்கள் இருந்தனவோ, எல்லாம் சேர்ந்து நொதிக்க வைத்தன. ஒரு முறை அருமையாக வரும், அடுத்த முறை வாயில் வைக்க முடியாது.

இதை மாற்றியது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம். 1883-ல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற விஞ்ஞானி, ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைத் தனியாகப் பிரித்து, அதை மட்டும் பெருக்கி பீர் தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு நாம் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஈஸ்ட் 'வீட்டு ஈஸ்ட்' மாதிரி. அழைக்காமல் உள்ளே வருவதெல்லாம் 'காட்டு ஈஸ்ட்'. பெயரிலேயே 'விரட்ட வேண்டியது' என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காட்டு ஈஸ்ட்டுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். அங்கே பணியாற்றிய நீல்ஸ் ஹெல்ட்டே கிளாசன், இங்கிலாந்தில் நீண்ட நாள் சேமித்து வைக்கப்பட்ட பீர்களை ஆராய்ந்தார். அந்த பீர்களுக்கே உரிய ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, மெதுவாக இரண்டாவது சுற்று நொதித்தலை நடத்தும் ஒரு தனி ஈஸ்ட் சிக்கியது. 1904-ல் லண்டனில் இதைப் பற்றி உரையாற்றினார். அவர் வைத்த பெயர்தான் பிரெட்டனோமைசிஸ். அர்த்தம், 'பிரிட்டிஷ் பூஞ்சை'.

அதாவது, பழைய ஆங்கிலேய பீரின் ருசி என்று மக்கள் ரசித்ததே இந்த 'அழையா விருந்தாளி' கொடுத்ததுதான்.

இந்தியாவுக்கு வந்த பீரிலும் இது இருந்ததா?

18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் நிறுவனத்தின் போ ப்ரூவரியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களில் வெளிர் நிற பீர் இந்தியாவுக்கு வந்தது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் நிறுவனமும் போட்டியில் இறங்கியது. 'இந்தியா பேல் ஏல்', சுருக்கமாக ஐ.பி.ஏ. என்று இன்று அழைக்கப்படும் வகையின் ஆரம்பம் இதுதான்.

சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் கப்பல் வர வேண்டும். அத்தனை மாதமும் பீர் மரப் பீப்பாயில் குலுங்கிக்கொண்டே வந்தது. மரத்தின் நுண்ணிய துளைகள்தான் பிரெட்டுக்குப் பிடித்த வீடு. அதனால் அந்த பீப்பாய்களிலும் இது வேலை செய்திருக்கும் என்பது பீர் வரலாற்றை எழுதுபவர்களின் கணிப்பு. இன்று ஐ.பி.ஏ. என்றாலே புது ஹாப்ஸ் மணம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் கப்பலில் வந்து இறங்கிய பீரின் ருசி வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

ஓர்வால்: துறவிகளின் பீர்

இந்த வகையை ருசித்துப் புரிந்துகொள்ள பலரும் முதலில் கைகாட்டும் பீர் ஓர்வால். பெல்ஜியத்தின் தெற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் அது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ல் அந்த மடம் எரிக்கப்பட்டு இடிந்துபோனது. 1926-ல் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். கட்டட வேலைக்குப் பணம் வேண்டுமே? அதற்காகத்தான் 1931-ல் பீர் தயாரிப்பைத் தொடங்கினார்கள். லாப நோக்கமே முதன்மை என்று நடத்தக் கூடாது, வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் உதவிப் பணிகளுக்கும் போக வேண்டும் என்பது டிராப்பிஸ்ட் பீர்களுக்கான விதி.

லேபிளில் ஒரு மீன், அதன் வாயில் ஒரு தங்க மோதிரம். டஸ்கனி பிரபு குலத்து மட்டில்டா என்ற பெண் தன் மோதிரத்தை ஊற்றில் தவறவிட்டதாகவும், மீன் ஒன்று அதை எடுத்து வந்து கொடுத்ததாகவும் ஒரு பழங்கதை. 'இது உண்மையிலேயே பொன் பள்ளத்தாக்கு' என்று அவர் சொன்னதால் ஓர்வால் என்ற பெயர் வந்ததாம். அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள கூஸ் ஐலண்ட் நிறுவனம், ஓர்வாலால் ஈர்க்கப்பட்டுச் செய்த தன் பீருக்கு 'மட்டில்டா' என்றே பெயர் வைத்தது.

ஓர்வாலில் முதலில் வழக்கமான ஏல் ஈஸ்ட் நொதிக்க வைக்கிறது. பிறகு காயவைத்த ஹாப்ஸைக் குளிர்ந்த பீரிலேயே ஊற வைக்கிறார்கள். சூடு படாததால் மணம் அப்படியே இறங்கும். கடைசியாகப் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும், பிரெட் அடங்கிய ஈஸ்ட்டும் சேர்கிறது. லேபிளில் ஆல்கஹால் 6.2 சதவீதம் என்று இருக்கும். பாட்டிலில் அடைத்த தேதியும் இருக்கும். இந்தத் தேதிதான் ரொம்ப முக்கியம். ஏன்?

ஆறு மாதத்தில் பாட்டிலுக்குள் என்ன மாறும்?

சாதாரண பீர் ஈஸ்ட்டுக்குச் சின்னச் சின்ன சர்க்கரைகள்தான் ஜீரணமாகும். மால்ட்டில் 'டெக்ஸ்ட்ரின்' என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு. அவற்றைத் தொடாமல் விட்டுவிடும். பீர் வாயில் கொழகொழவென்று கனமாகத் தெரிவதற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

பிரெட் அந்த மிச்சத்தையும் விடாது. நீளமான சங்கிலிகளை வெட்டும் நொதி அதனிடம் இருக்கிறது. அவசரமே படாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். விளைவு மூன்று.

ஒன்று, பீரில் இனிப்பும் கனமும் குறைந்து, நாக்கில் 'வறட்சி'யாக முடியும்.

இரண்டு, ஆல்கஹால் மெதுவாகக் கொஞ்சம் ஏறும்.

மூன்று, வாயு கூடிக்கொண்டே போகும்.

பெல்ஜியத்தில் சில கஃபேக்களில் 'இளசு', 'பழசு' என்று இரண்டு வகை ஓர்வால் கேட்டு வாங்கலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் இருந்தால் இளசு, அதைத் தாண்டினால் பழசு. இரண்டுமே ஒரே தயாரிப்பு, ஒரே லேபிள். நடுவில் வேலை பார்த்தது காலமும் பிரெட்டும் மட்டும்தான்.

சரி, அந்தக் குதிரை லாய வாடை எங்கிருந்து வருது?

பார்லியின் உமியில் ஃபெருலிக் அமிலம், கூமாரிக் அமிலம் என்று இரண்டு பொருட்கள் இயற்கையாகவே உண்டு. பிரெட் இவற்றை இரண்டு கட்டமாக மாற்றுகிறது. ஃபெருலிக் அமிலம் முடிவில் 4-எத்தில்குவாயகால் ஆகிறது. இதில் கிராம்பும் புகையும் கலந்த வாசனை. கூமாரிக் அமிலம் 4-எத்தில்ஃபீனால் ஆகிறது. தொழுவம், தோல், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்த வாடை இதுதான்.

இன்னொரு பக்கம், பிரெட் பழ வாசனை தரும் எஸ்டர்களையும் உருவாக்குகிறது. அதில் அன்னாசி மணம் தரும் எத்தில் கேப்ரோயேட்டும் அடக்கம். ஆகவே 'காட்டு ஈஸ்ட்னாலே நாத்தம்' என்று சொல்லிவிட முடியாது. எந்த ரகம், என்ன உணவு கிடைத்தது, எவ்வளவு ஆக்ஸிஜன், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அன்னாசியும் வரலாம், லாயமும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஒயினில் ஏன் இதை எதிரியாகப் பார்க்கிறார்கள் என்பதும் இங்கேதான் புரியும். சிவப்பு ஒயினின் அடையாளம் திராட்சையின் பழ மணம். 4-எத்தில்ஃபீனால் அளவு ஏறினால் அது பழ மணத்தை மூடிவிடும். எந்த ஊர்த் திராட்சையாக இருந்தாலும் எல்லாம் ஒரே லாய வாடைக்கு வந்துவிடும். பேல் ஏலில் கசப்பும், ஹாப்ஸ் மணமும், வாயுவும் அதற்கு ஈடு கொடுத்து நிற்கின்றன.

ருசி பார்ப்பது எப்படி?

பழகியவர்கள் இந்த வரிசையில்தான் போகிறார்கள்.

தேதி: முதலில் லேபிளில் அடைத்த தேதியைப் பார்க்க வேண்டும். இரண்டு மாத பீரில் லாய வாடையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

வெப்பநிலை: ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் மூக்குக்கு எதுவும் எட்டாது. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும்.

ஊற்றுவது: வாயு அதிகம் என்பதால் அகலமான கிண்ணக் கோப்பையில், சாய்த்து, மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டைக் கடைசி ஒரு விரல் அளவோடு பாட்டிலிலேயே விட்டுவிடலாம். அந்தப் படிவைக் கலந்தால் பீர் கலங்கி, ருசியும் மாறும்.

கண்: ஆரஞ்சும் செம்பும் கலந்த நிறம், லேசான கலங்கல், சீக்கிரம் அடங்காத தடித்த நுரை.

மூக்கு: குடிப்பதற்கு முன்பு இரண்டு முறை முகர வேண்டும். இளசில் பூ, ஆரஞ்சுத் தோல், மூலிகை மாதிரியான ஹாப்ஸ் மணம் முன்னால் நிற்கும். பழசில் அது பின்னால் போய், வைக்கோல், தோல், லேசான புகை முன்னால் வரும்.

நாக்கு: முதல் மடக்கில் வாயு குத்தும், கசப்பு தெரியும். அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது. விழுங்கிய பிறகு இனிப்பு ஏதாவது தங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். பழசில் நாக்கு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பிரெட் வேலை செய்ததற்கு வாடையை விட இந்த வறட்சிதான் பெரிய சாட்சி.

இரண்டு வயது பீரையும் பக்கத்துப் பக்கத்துல வைத்து, ஒரு மடக்கு இது, ஒரு மடக்கு அது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காட்டு ஈஸ்ட் பீர்னா புளிக்குமா?

அதிகம் பேர் தப்பாக நினைப்பது இதைத்தான். தயிர் மாதிரியான புளிப்பைத் தருவது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பிரெட் பாக்டீரியா கிடையாது, அது ஈஸ்ட். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தால் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை உருவாக்கும். மூடிய பாட்டிலுக்குள் அந்த வாய்ப்பு குறைவு. அதனால் பிரெட் பேல் ஏல் வறட்சியாகவும் கசப்பாகவும் இருக்குமே தவிர, நாக்கைச் சுருக்கும் புளிப்பு இருக்காது.

புளிப்புக்குப் பெயர் போனது பெல்ஜியத்தின் 'லாம்பிக்'. பிரஸ்ஸல்ஸ் நகரில் 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் இன்றும் கொதித்த பீர்ச் சாறை அகலமான செம்புத் தட்டில் ஊற்றி, குளிர்காலத்து இரவுக் காற்றில் ஆற விடுகிறார்கள். காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் பிரெட், வேறு ஈஸ்ட்கள், பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்து அதை நொதிக்க வைக்கின்றன. அது ஒரு கூட்டம். ஓர்வால் மாதிரியான பேல் ஏலில் இருப்பது அளந்து அழைத்த ஒரே ஒரு விருந்தாளி.

இன்று பிரெட் வகைகளை ஆய்வகங்களே வளர்த்து விற்கின்றன. அமெரிக்காவின் ஒயிட் லேப்ஸ் 'பிரெட் ட்ரோய்ஸ்' என்ற பெயரில் விற்ற ஒரு ரகத்தின் மரபணுவைப் பார்த்தபோது, அது பிரெட்டே இல்லை, சாதாரண பீர் ஈஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மாம்பழம், அன்னாசி மணத்தைக் கொடுத்ததால் பலரும் அதை பிரெட் என்றே நம்பியிருந்தார்கள். வாசனையை மட்டும் வைத்து அடையாளம் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

கெட்டுப்போனதா, வேண்டுமென்றே செய்ததா?

லேபிளில் பிரெட் பற்றியோ, பாட்டிலில் மறுபடி நொதிக்க வைத்தது பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லாத சாதாரண பீரில் லாய வாடை வந்தால், அது ஆலையில் புகுந்த தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரெட் சேர்த்த பீராகவே இருந்தாலும் மூக்கைச் சுளிக்க வைக்கும் வினிகர் நெடி, நகப்பூச்சு நெடி, ஈர அட்டைப் பெட்டி வாசனை வந்தால் அது 'ஸ்டைல்' கிடையாது. முதல் இரண்டும் காற்று அதிகமாகப் பட்டதைக் காட்டும். மூன்றாவது ஆக்ஸிஜனால் பீர் பழசாகிப்போனதைக் காட்டும்.

ஆலைகளும் இதில் உஷாராக இருக்கின்றன. பிரெட் ஒட்டிய ரப்பர் குழாயும் மரப் பீப்பாயும் சுத்தமாவது கடினம். அதனால் பல கிராஃப்ட் பீர் ஆலைகள் இதற்கென்றே தனிக் குழாய், தனித் தொட்டி வைத்திருக்கின்றன. ஒரு குழாயை மாற்றி மாட்டினால் போதும், மற்ற பீர்களும் பாழாகிவிடும்.

பாட்டில் வெடிக்குமா?

வெடிக்கலாம். இது பயமுறுத்தல் இல்லை, கணக்கு. ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் சுமார் 2 கிராம் கரியமில வாயு உருவாகும். அது ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவுக்குச் சமம். வழக்கமான பீரில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் அளவு வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். நொதித்தல் முடிந்துவிட்டது என்று நினைத்து அடைத்த பீரில் பிரெட் புகுந்து, மிச்ச டெக்ஸ்ட்ரினைத் தின்ன ஆரம்பித்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சாதாரண பாட்டில் தாங்காது. ஓர்வால் தடித்த கண்ணாடிப் பாட்டிலில் வருவதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி உள்ள நாடுகளில் புதிதாக முயற்சி செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். திறந்ததும் நுரை பீறிட்டு வந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை. மிச்சப் பாட்டில்களை நன்றாகக் குளிரவைத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் திறப்பது பாதுகாப்பு.

உடம்புக்கு நல்லதா?

'இயற்கையான ஈஸ்ட், அதனால் ஆரோக்கியம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈஸ்ட் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஆல்கஹால்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1988-லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெளிவாகவே கூறியது. பிரெட் பீரில் ஒரு கூடுதல் விஷயமும் இருக்கிறது: நாள்பட்ட பாட்டிலில் ஆல்கஹால் லேபிளில் இருப்பதை விடக் கொஞ்சம் கூடியிருக்கலாம்.

மொத்தத்தில், பிரெட் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்குச் சர்க்கரை வேண்டும், நேரம் வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு உணவு, எப்படிப்பட்ட பாட்டில், எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே யோசித்து உள்ளே விட்டால் அது ருசி. யோசிக்காத இடத்தில் அதுவாகவே நுழைந்தால் நஷ்டம், சில நேரம் கண்ணாடிச் சில்லு. அடுத்த முறை 'காட்டு ஈஸ்ட் பீர்' என்று எங்காவது படித்தால், வாடையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு பாட்டிலில் அடைத்த தேதி என்ன என்று தேடிப் பாருங்கள். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)